ஒரே கட்டடம், இரண்டு மழை: செங்கோட்டை–புனலூர் மலைப்பாதை மாதிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

செங்கோட்டையிலிருந்து புனலூருக்குச் சென்ற பழைய மீட்டர் கேஜ் மலைப்பாதையை 1:87 அளவில் காட்டும் மாதிரி ரயில் அமைப்பு ஒன்றுக்காக நான் செய்த கட்டடங்களைப் பற்றியது இந்த ஆய்வு. அமைப்பின் நடுவில் கோட்டைவாசல் குகை இருக்கிறது. அதற்குக் கிழக்கே பகவதிபுரத்தை நோக்கி இறங்கும் தமிழ்நாட்டுச் சரிவும், மேற்கே ஆரியங்காவை நோக்கி இறங்கும் கேரளக் காடும் வருகின்றன. குகையின் இருபுறமும் ஒரே வரைபடத்தின்படி இரண்டு கேங்மேன் (தண்டவாளப் பராமரிப்புத் தொழிலாளர்) குடியிருப்புகள், இரண்டு கருங்கல் தாங்குசுவர்கள், மேற்குப் பக்கத்தில் மட்டும் ஐந்து கண்ணறைகள் (வளைவுத் திறப்புகள்) கொண்ட ஒரு கல் பாலம் ஆகியவை செய்யப்பட வேண்டியிருந்தன. இவை எந்த ஒரு குறிப்பிட்ட கட்டடத்தின் நகலும் அல்ல. அந்தப் பாதையில் காணப்படும் வகைகளை ஒட்டி நானே வரைந்தவை.

இந்தப் பணிக்கு நான் வகுத்துக்கொண்ட நிபந்தனை ஒன்றுதான். ஊர்ப்பலகையையும் மரங்களையும் மறைத்துவிட்டு வீட்டை மட்டும் காட்டினாலும், இந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒருவர் அது குகைக்குக் கிழக்கே உள்ளதா மேற்கே உள்ளதா என்று சொல்லிவிட வேண்டும். அளவு, கதவு, ஜன்னல், ஓடு அனைத்தும் இரண்டு வீடுகளுக்கும் பொது என்பதால், வேறுபாடு முழுவதையும் இறுதிப் பூச்சுதான் சுமந்தாக வேண்டும்.

இரண்டு பக்கமும் ஒரே மாதிரியான வீடுகள் இருப்பதற்கு வரலாற்றில் காரணம் உண்டு. கொல்லத்திலிருந்து செங்கோட்டை வரையிலான பாதை 1904இல் திறக்கப்பட்டபோது குகையின் இரு முனைகளும் திருவிதாங்கூர் அரசின் எல்லைக்குள்ளேயே இருந்தன. செங்கோட்டை 1956 நவம்பர் 1 அன்றுதான் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. பாதையை நடத்தியது தென்னிந்திய ரயில்வே என்ற ஒரே கம்பெனி. ஆகவே கட்டும்போது இன்றைய எல்லை எவருடைய கணக்கிலும் இல்லை. புனலூர்–செங்கோட்டைப் பகுதியில் மீட்டர் கேஜ் ரயில்கள் 2010இல் நின்றன. அகலப் பாதையாக மாறி முழுவதும் மீண்டும் திறந்தது 2018இல். எனது மாதிரி 1990களின் பிற்பகுதியைக் காட்டுகிறது. அப்போது இந்தப் பாதையில் ஒய்.டி.எம்.-4 டீசல் எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன. கட்டடங்களில் ஆட்கள் குடியிருந்தார்கள். இந்தக் காலத்தேர்வு பின்னால் பூச்சு முறையையே தீர்மானித்தது.

மழையை முதலில் வரைதல்

கட்டடத்தை வரைவதற்கு முன் மழையை வரைய வேண்டும் என்பதே இந்தப் பணியில் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய கருத்து. தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில் முழு வலுவோடு கொட்டுகிறது. ஆரியங்காவுக் கணவாய் வழியே கிழக்கே வழிந்து வருவது சாரல். செங்கோட்டைக்கும் குற்றாலத்துக்கும் ஆனி, ஆடியில் குளிர்ச்சி தருவது அதுதான். சாரல் காற்றோடு படுக்கையாக வந்து மேற்குச் சுவரை நனைக்கும். சிறிது நேரத்தில் வெயில் அடித்துச் சுவர் காயும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கிழக்குப் பக்கத்தில் நேராகப் பெய்யும். ஆக, கிழக்குப் பக்கத்து வீடு நனைந்து நனைந்து காய்கிற வீடு. மேற்குப் பக்கத்து வீடு ஆண்டில் பல மாதங்கள் காயாமலே இருக்கிற வீடு.

ஐரோப்பிய நாடுகளின் மாதிரிக் கலைக் கையேடுகளில் பாசி வடக்கு முகத்தில் படியும் என்றொரு விதி சொல்லப்படுகிறது. சூரியன் ஆண்டு முழுவதும் தெற்கே நிற்கும் நாடுகளுக்கு அது பொருந்தும். செங்கோட்டை நிலநடுக்கோட்டிலிருந்து சுமார் 9 டிகிரி வடக்கே மட்டுமே இருப்பதால், சித்திரை தொடங்கும்போதும் ஆவணியிலும் சூரியன் உச்சிக்கு மேலேயே நிற்கிறது. இடைப்பட்ட மாதங்களில் வடக்குச் சுவர்மீதே வெயில் விழுகிறது. இங்கே பாசியின் இடத்தைத் தீர்மானிப்பது காற்று எந்தப் பக்கத்திலிருந்து நீரை அடிக்கிறது என்பதும், அடித்த நீர் எங்கே தேங்குகிறது என்பதும்தான். நமது கட்டடங்களுக்கு அந்தக் கையேட்டு விதியை அப்படியே எடுத்துப் போட்டால், நுட்பம் எத்தனை உயர்ந்ததாக இருந்தாலும் மாதிரி அந்நியமாகத் தோன்றும்.

பாலத்தைப் பற்றி எனக்கு மிகவும் பயன்பட்ட தகவல் புளியரைப் பக்கத்தில் வசிக்கும், இந்தப் பாதையில் கேங் மேஸ்திரியாக வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரிடமிருந்து வந்தது. வரைபடத்தை அவரிடம் விரித்துக் காட்டியபோது, "தம்பி, தண்ணி எங்கன இருந்து வருதுன்னு பாத்தியா? பாலத்துல மேல இருந்து வடியாது. ஜல்லிக்குள்ள எறங்கி, கல்லு சந்து வழியால்லா வெளிய வரும்" என்றார். "அப்போ மேல் வரிசைக் கல்லு, அண்ணாச்சி?" என்று கேட்டேன். "அது காஞ்சு கெடக்கும். ஓட்டைக்குக் கீழதான் வெள்ளையா சுண்ணாம்பு படிஞ்சு கெடக்கும்" என்றார்.

அவர் சொன்னதற்கு வேதியியல் விளக்கம் எளிது. மழைநீர் ஜல்லி வழியாகவும் கண்ணறைகளுக்கு மேலுள்ள நிரப்பு மண் வழியாகவும் இறங்கும்போது சுண்ணாம்புச் சாந்தைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. இணைப்பு வழியாகவோ நீர்போக்குத் துளை வழியாகவோ வெளியே வந்து காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சந்திக்கும்போது அது கால்சியம் கார்பனேட்டாக வெண்மையாகப் படிகிறது. எனவே கல் பாலத்தின் வெள்ளைக் கோடுகள் துளைகளிலிருந்தும் கண்ணறையின் உட்கூரையிலிருந்தும் தொடங்க வேண்டும். கைப்பிடிச் சுவரின் உச்சியிலிருந்து தொடங்கிக் கீழே இறங்கும் கோடுகள், காரை பூசிய கட்டடங்களுக்கு உரியவை.

கல் வேலை

கழுதுருட்டிக்கு அருகிலுள்ள புகழ்பெற்ற பதின்மூன்று கண்ணறைப் பாலம் 100 மீட்டரைச் சற்றுத் தாண்டும் நீளமுடையது. 1:87இல் அது 115 செ.மீ.க்கு மேல் போகும். மேசையில் அவ்வளவு இடம் இல்லை. கண்ணறைகளைக் குறுக்கிப் பதின்மூன்றையும் நுழைப்பதைவிட, உரிய அகலத்தோடு ஐந்து கண்ணறைகள் மட்டும் கொண்ட வேறொரு பாலத்தைச் செய்வதே நேர்மையானது என்று முடிவெடுத்தேன். குறுக்கப்பட்ட கண்ணறை மெலிந்து நெடிதாகி, கருங்கல்லின் கனத்தை இழந்துவிடுகிறது.

பாலத்தின் உடலை 5 மி.மீ. சன்போர்டில் (நுரைப் பிளாஸ்டிக் பலகை) வெட்டி, கண்ணறையின் உட்கூரைக்கு 0.5 மி.மீ. பிளாஸ்டிக் தகட்டை வளைத்து ஒட்டினேன். வெளி முகம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் வார்ப்பு. 30 செ.மீ. உயரமுள்ள கல்வரிசை 1:87இல் 3.4 மி.மீ. வருகிறது, 10 மி.மீ. சாந்து இணைப்பு 0.11 மி.மீ.தான். அதாவது இணைப்பு என்பது ஊசிமுனைக் கீறலுக்குமேல் எதுவுமாக இருக்கக் கூடாது. பல மாதிரிகளில் கல் சுவர்கள் பொம்மைத் தோற்றம் கொள்வதற்கு இந்த இணைப்பை அகலமாகத் தோண்டுவதே முதற்காரணம் என்பது என் கணிப்பு. படுக்கைக் கோடுகளை முதலில் முழு நீளத்துக்கும் இழுத்து, பிறகு நிலைக்கோடுகளை வரிசைக்கு வரிசை மாற்றிக் கீறினேன். வளைவுக் கற்களின் கோடுகள் அனைத்தும் வட்டத்தின் மையத்தை நோக்க வேண்டும் என்பதால், மையத்தில் ஒரு குண்டூசியைக் குத்தி, அளவுகோலை அதில் சாய்த்துச் சாய்த்துக் கீறுவதே பிழையில்லாத வழி. தூண்களின் மூலையில் இரண்டு முகங்களையும் 45 டிகிரியில் சீவிச் சேர்த்து, ஒவ்வொரு மூலைக்கல்லும் அடுத்த முகத்துக்குத் திரும்பிச் செல்வதுபோலக் கீறலைத் தொடர வேண்டும். இந்த ஒரு வேலையைத் தவிர்த்தால் தூண் கல்லாகத் தெரியாமல், கல்படம் ஒட்டிய பெட்டியாகத் தெரியும்.

நீர்போக்குத் துளைகளை முகப்பைப் பொருத்துவதற்கு முன்பே 1 மி.மீ. துரப்பணத்தால் இட்டேன். முழு அளவில் அது ஏறத்தாழ 9 செ.மீ. துளை. தாங்குசுவரில் இரண்டு வரிசைகளாகவும், பாலத்தில் கண்ணறைகளுக்கு இடைப்பட்ட முகத்தில் மட்டும் ஒவ்வொன்றாகவும் வைத்தேன். இறுதிப் பூச்சில் ஒவ்வொரு நீர்த்தடமும் இந்தத் துளைகளிலிருந்துதான் பிறக்கப்போகிறது என்பதால், இவை எங்கே என்பதைக் கட்டும்போதே தீர்மானித்தாக வேண்டும்.

குகை முகப்பை ஒட்டிய பாறை வெட்டுக்கு, புனலூர்–தென்மலைப் பகுதியில் எளிதில் கிடைக்கும் ரப்பர் பாலைப் பயன்படுத்தினேன். அம்மோனியா சேர்த்துப் பதப்படுத்திய பாலை, குவாரியில் பொறுக்கிய உடைகல்மீது மெல்லிய பூச்சுகளாகத் தூரிகையால் பூசி, ஒவ்வொரு பூச்சும் பால்வெண்மை நீங்கி மஞ்சள் கண்ணாடிபோல் தெளிந்த பிறகே அடுத்ததைப் பூச வேண்டும். இடையில் காஜ் துணியை ஓர் அடுக்காக வைத்தால் அச்சு கிழியாது. உரித்தெடுத்த அச்சில் பிளாஸ்டரை ஊற்றி, அது இறுகத் தொடங்கும் தருணத்தில் அச்சோடு சேர்த்துச் சரிவில் அழுத்திவிட்டால், பாறை சரிவின் வளைவுக்கு இணங்கி அமர்கிறது. கடையில் விற்கும் பாறை அச்சுகள் பெரும்பாலும் வெளிநாட்டு மலைகளின் அடுக்குப் பாறைகளைப் பார்த்துச் செய்யப்பட்டவை. மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தப் பகுதியிலுள்ள கருஞ்சாம்பல் சார்னோக்கைட் அப்படி உடைவதில்லை.

வீடுகள்

வீடுகளின் சுவருக்கு எதைப் பயன்படுத்துவது என்பதைச் சாரல் காலத்திலேயே சோதித்தேன். ஐவரி போர்டு என்ற தடித்த அட்டையை இரண்டடுக்காக ஒட்டி வார்னிஷ் பூசிய துண்டு, சன்போர்டுத் துண்டு, பிளாஸ்டர் பலகைத் துண்டு மூன்றையும் ஜன்னல் ஓரத்தில் பருவம் முடியும்வரை வைத்திருந்தேன். ஐவரி போர்டு கதவுத் திறப்புக்கும் மூலைக்கும் இடையே உட்புறமாக வளைந்தது. வண்ணம் பூசிய முகமும் பூசாத முகமும் ஈரத்தை வெவ்வேறு அளவில் உறிஞ்சுவதே காரணம். பிளாஸ்டர் வளையவில்லை என்றாலும் ஜன்னல் ஓரங்கள் பொரிந்தன. சன்போர்டு அசையவில்லை. ஆகவே சுவர்கள் சன்போர்டு. அதன் மழமழப்பைப் போக்க, சுவர்ப் புட்டியில் சிறிது ஃபெவிக்கால் கலந்து மெல்லிய பூச்சாக இழுத்து, காய்ந்தபின் நீர்த்தாளால் தேய்த்தேன்; சுண்ணாம்பு அடித்த காரைச் சுவரின் தன்மை தானாக வந்துவிட்டது.

ஜன்னல் கம்பிகளைச் சொல்ல வேண்டும். இந்தப் பக்கத்து ஜன்னல் என்றால் நிலைக்கம்பி இருந்தாக வேண்டும். 16 மி.மீ. கம்பி 1:87இல் 0.18 மி.மீ. ஆகிறது. மோட்டார் காயில் கட்டும் கடையில் கிடைக்கும் 36ஆம் எண் எனாமல் செம்புக் கம்பி 0.19 மி.மீ. தடிமன் கொண்டது. அதை நேராக இழுத்து, ஜன்னல் சட்டத்தின் பின்புறம் ஃபெவிக்கால் கொண்டே ஒட்டினேன். ஃபெவிகுவிக்கின் ஆவி அருகிலுள்ள கண்ணாடித் தகட்டில் வெண்மூட்டமாகப் படிந்துவிடும் என்பதால் ஜன்னல் பக்கமே அதைக் கொண்டுவரக் கூடாது.

ஓடு இந்த வீடுகளின் முகம். பாசல் மிஷன் 1865இல் மங்களூரில் தொடங்கிய ஓட்டுத் தொழில் மேற்குக் கரை முழுவதும் பரவி, இந்த மலைப்பாதை கட்டப்பட்ட காலத்தில் தென்னிந்திய ரயில் கட்டடங்களின் பொதுக் கூரையாகவே ஆகியிருந்தது. மங்களூர் ஓடு சதுர மீட்டருக்குச் சுமார் 15 பிடிக்கும்; வேயப்பட்ட பின் கண்ணுக்குத் தெரியும் பகுதி ஏறத்தாழ 32 செ.மீ. நீளமும் 21 செ.மீ. அகலமும் கொண்டது. 1:87இல் இது 3.7 மி.மீ.க்கு 2.4 மி.மீ. இந்த 2.4 என்ற எண்தான் எனக்கு வழி காட்டியது. எம்-20 போல்ட்டின் மரைகளுக்கு இடையிலான தூரம் 2.5 மி.மீ. உணவுப் பொட்டலத்துக்கான தடித்த அலுமினியத் தாளை 5 மி.மீ. பட்டைகளாக வெட்டி, போல்ட்டின்மீது வைத்து அழிரப்பரால் அழுத்தி உருட்டினால், ஓட்டு வரிசைக்கு உரிய மேடு பள்ளம் விழுகிறது. பட்டைகளைக் கீழ் விளிம்பிலிருந்து தொடங்கி, ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி 3.7 மி.மீ. இடைவெளியில் ஒட்டினேன். 4.5 மீட்டர் சரிவுக்கு 14 வரிசைகள். அலுமினியம் ஈரத்துக்கு அசையாது. ஆனால் பிரைமர் இல்லாமல் வண்ணம் உரிந்துவிடும். வெளிச்சத்துக்காக இடையிடையே வைக்கும் கண்ணாடி ஓட்டுக்கு, ஒவ்வொரு வீட்டிலும் ஓரிடத்தில் தாளை வெட்டித் தெளிந்த பிளாஸ்டிக்கை வைத்தேன்.

பூச்சு

இங்கேதான் நீண்ட நேரம் செலவழித்தேன். இங்கேதான் இரண்டு வீடுகளும் பிரிந்தன.

அடிப்படை வண்ணங்கள் இரண்டுக்கும் ஒன்றே: சுவரில் வெளிர் காவி, ஓட்டில் செம்மண் நிறத்தின் மூன்று சாயைகள், கதவில் ரயில்வேப் பச்சை. எல்லா நிறங்களையும் உண்மையைவிடச் சிறிது வெளிறச் செய்தேன். 87 மடங்கு சிறிய கட்டடத்தை அரை மீட்டர் தொலைவிலிருந்து பார்ப்பது, உண்மைக் கட்டடத்தை 40 மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பதற்குச் சமம். இடையிலுள்ள காற்று நிறத்தை மங்கச் செய்கிறது. கல்லுக்கும் புகைக்கரிக்கும்கூடத் தூய கறுப்பை எடுக்கவில்லை. ஸ்ப்ரே டப்பாவைச் சாரல் நாட்களில் தொடவே கூடாது: விரைந்து ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிரச் செய்து, காற்றின் ஈரம் வண்ணத்துக்குள்ளேயே படிந்து வெளுக்கும்.

கல்லும் சுவரும் ஒரே வயதுடையவை அல்ல என்பதை முதலில் மனத்தில் இருத்த வேண்டும். பாலமும் தாங்குசுவரும் 1904 முதல் துடைக்கப்படாமல் நிற்பவை. வீட்டுச் சுவருக்கோ சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வெள்ளையோ காவியோ அடிக்கப்படுகிறது. எனவே கல்லின்மேல் ஒரு நூற்றாண்டின் அடுக்குகளும், சுவரின்மேல் இரண்டு மூன்று பருவங்களின் அழுக்கு மட்டுமே இருக்கலாம். ஆள் குடியிருக்கும் வீட்டைப் பாசியால் மூடிவிட்டால் அது கைவிடப்பட்ட வீடாகிவிடும். 1990களின் பாதை கைவிடப்பட்ட பாதை அல்ல.

சுவரில் நீரின் செயல் மூன்று பட்டைகளாகப் பிரிகிறது. கூரை விளிம்பான தாழ்வாரம் ஏறத்தாழ 60 செ.மீ., மாதிரியில் 7 மி.மீ., வெளியே நீள்வதால் அதன் கீழுள்ள பகுதி நனைவதில்லை. அங்கே காவி புதிதாகவே இருக்கும். நடுப்பகுதியில் ஜன்னல் அடிக்கட்டையின் இரு முனைகளிலிருந்தும் கருங்கோடுகள் இறங்கும். தரையை ஒட்டிய அரை மீட்டர், மாதிரியில் 6 மி.மீ., கூரையிலிருந்து சொட்டும் நீர் தெறித்த செம்மண். கூரை விளிம்பில் நீரை ஏந்தும் பீலி இல்லாத ஓட்டு வீட்டில் அந்தச் சொட்டுநீர் தரையில் தாழ்வாரத்துக்கு நேர் கீழே ஒரு மெல்லிய வாய்க்காலையும் தோண்டியிருக்கும். அதையும் தரையில் கீறினேன்.

மேற்கு வீட்டில் இந்த மூன்று பட்டைகளும் நான்கு சுவர்களிலும் வருகின்றன. தெறிப்புப் பட்டையில் செம்மண்ணுக்குமேல் பச்சை கலந்த கருமை படிகிறது. ஓட்டின் கீழ் வரிசைகளில், ஒன்றன்மேல் ஒன்று ஏறும் சந்துகளில் நீர் தங்குவதால், நுண்ணிய பசும்பொடியை அங்கே மட்டும் பசையில் ஒற்றினேன். கூரையின் உச்சியை விட்டுவிட்டேன். கிளை விழுந்தோ குரங்கு ஓடியோ உடைந்த இடத்தில் மாற்றிய புது ஓடுகளாக ஐந்தாறு மட்டும் பளிச்சென்ற செந்நிறத்தில் நிற்கின்றன. கிழக்கு வீட்டில் பசுமை ஏறக்குறைய இல்லை. ஓடு வெயிலில் வெளுத்து, மேட்டில் மட்டும் தூசி படிந்திருக்கிறது. வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த உலர்தூரிகையால் வெளிர்மண் நிறத்தை உரசினாலே அது போதும். ஆனால் அதன் மேற்குச் சுவரில் தாழ்வாரத்தின் காப்பு பலிக்கவில்லை: சாரல் படுக்கையாக வருவதால் மேல் பட்டையும் நனைந்து, சுவர் முழுவதும் மங்கிய சாம்பல் படர்ந்திருக்கிறது. மற்ற மூன்று சுவர்களும் தெளிவாக இருக்க, ஒரே சுவர் மட்டும் நிறம் மங்கி நிற்பதுதான் கிழக்கு வீட்டின் அடையாளம்.

கல்லுக்கு, நீர்த்த கரும்பழுப்பு மையில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் சேர்த்தேன். பரப்பு இழுவிசை குறைந்து, மை கீறல்களுக்குள் தானே ஓடுகிறது. காய்ந்தபின், துளைகளுக்குக் கீழே கருமையை முதலிலும் வெள்ளைச் சுண்ணாம்புத் தடத்தை அதன் நடுவிலுமாக, மேலிருந்து கீழே ஒரே இழுப்பில் மெலிந்து முடியும்படி இட்டேன். எல்லாத் துளைகளுக்கும் தடம் போடவில்லை. சில அடைபட்டிருக்கும், அடைபட்ட துளைக்கு அருகிலுள்ள இணைப்பு கூடுதலாகக் கசியும். குகை வாயின் உச்சியில் புகைக்கரி நடுவில் அடர்ந்து இருபுறமும் மெலிகிறது. அங்கும் கிழக்கு வாயில் உலர்ந்த கரியாகவும் மேற்கு வாயில் நீர்க்கோடுகள் வெட்டிய கரியாகவும் இருக்கின்றன.

கட்டடத்தைத் தரையில் பொருத்துவது தனிக் கவனம் கோரும் வேலை. அடிப்பீடத்தை 5 மி.மீ. கூடுதலாகச் செய்து தரைக்குள் இறக்கி, இடைவெளியைச் சலித்த மண்ணாலும் நீர்த்த ஃபெவிக்காலாலும் மூடினேன். கட்டடத்துக்கும் தரைக்கும் இடையே ஒரு நிழற்கோடு தெரிந்தாலும் இதுவரை செய்த அனைத்தும் வீணாகும்.

விளைவு

முடிந்த வீடுகளை, அமைப்பில் வைப்பதற்கு முன் வெறும் மேசையில் வைத்து, இரு பக்கத்து ஊர்க்காரர்களுக்கும் காட்டினேன். மேற்கு வீட்டைப் பெரும்பாலோர் உடனே சொன்னார்கள். கிழக்கு வீட்டில் கருத்து பிரிந்தது: செங்கோட்டைப் பக்கத்தார் மங்கிய சுவரைப் பார்த்துச் சாரல் என்றார்கள், தென்மலைப் பக்கத்திலிருந்து வந்தவர்களுக்கு அந்தச் சுவர் பூச்சு முடியாத சுவராகத் தோன்றியது. பார்ப்பவரின் ஊரில் பெய்யாத மழையை மாதிரி காட்டும்போது இது இயல்பு என்று கருதி, அந்தச் சுவரை மாற்றவில்லை. பாலத்தைப் பார்த்த மேஸ்திரி அண்ணாச்சி, வெள்ளைத் தடங்களை ஏற்றுக்கொண்டு, தூணின் அடியில் ஓடைநீர் ஏறி இறங்கும் மட்டத்துக்கு ஒரு வெளிர்ப்பட்டை வேண்டும் என்று சொன்னார், அது சேர்க்கப்பட்டது.

நாட்பட்ட பின் தெரிந்த குறைகள் இரண்டு. உலர்ந்த இலைச்சருகுக்காக எஸ்டேட் தேயிலைத்தூளைப் பயன்படுத்திய இடங்களில் அடுத்த பருவத்திலேயே பூஞ்சை வந்தது. தூளை வெறும் சட்டியில் நன்றாக வறுத்துப் பயன்படுத்திய இடங்களில் வரவில்லை. இனி வறுக்காமல் எதையும் இடுவதில்லை. மேற்கு வீட்டின் பசும்பொடி, ஜன்னலருகே வெயில் படும் பக்கத்தில் மஞ்சளாக வெளுத்திருக்கிறது. அந்தப் பக்கத்துப் பொடியைச் சுரண்டி எடுத்துவிட்டு, ஒளிக்கு வெளுக்காத குரோமியம் ஆக்சைடு பச்சை நிறமியைச் சிறிது கரிப்பொடியோடு கலந்து ஓட்டுச் சந்துகளில் தேய்க்கும் வேலை இப்போது நடக்கிறது.